ஐஸ்கிரீம் ஆலையில் என் குரல்

என் வீட்டுக்காரர் ஜமீர் நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப் போவதைக் கேட்டால் உங்களுக்கு அதில் சந்தேகம் வரலாம். குரலை உயர்த்த மாட்டார். சாப்பாட்டில் குறை சொல்ல மாட்டார். நான் எதைச் சொன்னாலும் “சரி” என்பார். அந்தச் சரிதான் பதினோரு வருஷமாக என் உயிரை எடுக்கிறது.

“கேஸ் தீர்ந்துடுச்சு” என்றால் சரி. “குழாய் ஒழுகுது” என்றால் சரி. ஒரு நாள் எரிச்சல் தாங்காமல், “வாசல்ல யானை வந்து நிக்குது, உள்ள விடட்டுமா?” என்று கேட்டேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் “சரி” என்றார். மூன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மகள் ஸஹானாதான் பாவம், ஓடிப்போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு யானை இல்லையென்று அழுதாள். அவளைச் சமாதானப்படுத்த ராஜகீழ்ப்பாக்கம் கடைத்தெருவைச் சுற்றிக்காட்ட வேண்டியிருந்தது. சுற்றிக்காட்டியதும் நான்தான்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு பெரிய விஷயத்துக்குப் பதில் வாங்க வேண்டிய நிலைமை இந்தக் கோடையில் எனக்கு வந்தது.

நான் சேலையூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. எங்கள் நிர்வாகம் ஜூன் மாதம் பெரும்பாக்கத்தில் புதுக் கிளை திறக்கிறது. குடிசை மாற்று வாரியக் குடியிருப்புகளிலும் புது அடுக்குமாடிகளிலுமாக அங்கே பிள்ளைகள் நிரம்பி வழிகிறார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டு, “நீங்கதான் டீச்சர் அங்க ஹெச்.எம். வீட்ல பேசிட்டுச் சொல்லுங்க” என்றார். பி.எட். முடித்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். அவருக்கு எதிரில் அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு, கழிவறைக்குப் போய்த் தனியாகச் சிரித்துவிட்டு வந்தேன்.

ஆனால் தலைமையாசிரியை என்றால் காலை ஆறரைக்கெல்லாம் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். திரும்ப ஏழு மணியாகும். ஸஹானாவுக்குத் தலை பின்னுவது யார், அவளை வேனில் ஏற்றுவது யார், மாறி மாறி வரும் ஷிஃப்ட்டில் ஜமீர் தூங்குவது எப்போது, சாப்பிடுவது எப்போது? இதற்கெல்லாம் அவர் மனசார ஒப்புக்கொள்ள வேண்டும். ஜமீரிடம் முதல் முறை சொன்னேன். சரி. ஒரு வாரம் கழித்துச் சொன்னேன். சரி. பிறகு அவர் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருந்தபோது முகத்துக்கு நேராக நின்று சொன்னேன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, “சரி அஃப்ஷான்” என்றார். பெயர் சேர்ந்ததுதான் முன்னேற்றம்.

தடுக்க மாட்டார், அது தெரியும். ஆனால் ஜூன் மாதம் முதல் நாள் நான் பையைத் தோளில் மாட்டும்போது, “எங்க கிளம்பிட்ட?” என்று கேட்டுவிடுவாரோ என்பதுதான் என் பயம். காதில் விழுந்த சரி ஒன்று எனக்கு வேண்டும். அது இல்லாமல் தாளாளரிடம் போய் ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ஜமீருடைய வேலையைப் பற்றிச் சொன்னால்தான் அடுத்து நான் செய்த காரியம் உங்களுக்குப் புரியும். திருநீர்மலைப் பக்கம் ஒரு ஐஸ்கிரீம் ஆலையில் அவர் கண்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். அங்கே ஸ்காடா என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. ஆலையில் உள்ள கம்ப்ரஸர், வால்வு, குளிர் அறைக் கதவு எல்லாம் ஒரே திரையில் படமாகத் தெரியும். எந்த அறை எவ்வளவு குளிர், எந்த மோட்டார் ஓடுகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து பார்க்கலாம், நிறுத்தலாம், ஓட்டலாம். ஏதாவது கோளாறு என்றால் ஒரு வரி சிவப்பாக எரியும், பீப் பீப் என்று கத்தும். உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தை ஆளும் வேலை. ஆண்களுக்காகவே கண்டுபிடித்தது போலிருக்கிறது.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு அங்கே போயிருந்தோம். அன்றைக்கு எல்லார் குடும்பத்தையும் கூப்பிடுவார்கள். கம்ப்ரஸருக்கு வாழைக்கன்று, மானிட்டருக்குச் சந்தனப் பொட்டு, வந்தவர்களுக்குப் பொரியும் சுண்டலும். ஸஹானா பொரிக்காக வருவாள், இந்த மனுஷன் அங்கே என்னதான் செய்கிறார் என்று பார்க்க நான் வருவேன். ஐஸ்கிரீம் கிண்டும் மெஷின்களுக்கு அன்று லீவு. குளிர் அறைகளுக்கு மட்டும் எந்தப் பண்டிகைக்கும் லீவு கிடையாது.

கண்ட்ரோல் ரூமில் நின்று சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். திரையில் சிவப்பு வரி, பீப் பீப். ஜமீர் ஸஹானாவிடம் பேசிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், மவுஸை நகர்த்தி ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் நின்றது.

“அது என்ன?” என்று கேட்டேன்.

அந்த மென்பொருளைப் போட்டுக்கொடுத்த கம்பெனியின் எஞ்சினியர் உமேஷ் பக்கத்தில் நின்றிருந்தார். ஒல்லியான, பயந்த சுபாவமுள்ள இளைஞர். “அது ஆக் மேடம். அக்னாலெட்ஜ். அலாரத்தைப் பார்த்துட்டேன்னு ஆபரேட்டர் சொல்றது” என்றார்.

“பார்த்தாரா?”

உமேஷ் சுண்டலைப் பார்த்தார்.

எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அந்தத் தட்டு எனக்குத் தெரியும். அது வீட்டில் வாயால் சொல்கிற சரி, இங்கே கையால் சொல்கிறார். “என்னங்க!” என்று கத்தினேன். “கதவு திறந்திருக்குன்னு அவ்ளோ பெரிசா சிவப்பா எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?”

அங்கே இருந்த அத்தனை ஆண்களும் துள்ளி எழுந்தார்கள். ஜமீர் எழுந்ததில் ஆச்சரியமில்லை. மூலையில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்த சத்யநாராயணன் சார், ஜமீருடன் வேலை பார்க்கிற இன்னொரு ஆபரேட்டர், டப்பாவும் கையுமாக எழுந்து நின்றார். பூகம்பம் வந்தாலும் தயிர்சாதத்தை முடித்துவிட்டுத்தான் எழுவார் என்று பேரெடுத்தவர். ஒருவர் ஓடியே போய்க் குளிர் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். உமேஷ் மட்டும் புதையலைக் கண்டவர் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் மேனேஜர் சாம்பசிவன் அனுப்பினார் என்று உமேஷ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அதற்கு முந்தின சீஸனில் ஒரு அறைக் கதவு சரியாக மூடாமல், வைத்திருந்த வெனிலா முழுதும் பாயசமாகிப் போயிருந்ததாம். அலாரம் அடித்தது, ஆக் ஆனது, அவ்வளவுதான். “பீப் சத்தம் பழகிடுச்சு மேடம். உங்க குரல்ல அலாரம் வச்சா கேப்பாங்க” என்றார். தெருச் சத்தம் கேட்காமலிருக்கப் படுக்கையறை ஜன்னலில் போர்வையைக் கட்டிவிட்டு, அவருடைய மைக்கில் பேசிக்கொடுத்தேன்.

“என்னங்க! மூணாம் ரூம் கதவு சாத்தலை, எழுந்து போய்ப் பாருங்க.”

“அந்த ‘என்னங்க’ மட்டும் வேணாமே மேடம். ‘கவனிக்கவும்’னு வச்சுக்கலாமே” என்றார் உமேஷ். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. ஊரில் உள்ள ஆண்களையெல்லாம் என்னங்க என்று நான் எதற்குக் கூப்பிட வேண்டும்? ஆனால் “கவனிக்கவும்” என்று வைத்த வாரம் ஒருவரும் கவனிக்கவில்லை. ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்பு போகிறது என்பது மாதிரி இருந்தார்களாம். மறுபடி “என்னங்க” வந்தது. மூன்று ஷிஃப்டும் எழுந்து ஓடியது. கல்யாணம் ஆனவன், ஆகாதவன், ஓய்வு பெறப் போகிறவன், ஒருவர் பாக்கியில்லை.

உமேஷுக்கு அதிலும் திருப்தி வரவில்லை. முதல் முன்னுரிமை அலாரம் என்றால் வெறும் ஆக் போதாது என்று ஆக்கிவிட்டார். திரையில் ஒரு கட்டம் திறக்கும். அதில் என்ன செய்தோம் என்று எழுத வேண்டும். எழுதுகிற வரைக்கும் நான் விடாமல் கத்திக்கொண்டே இருப்பேன். இதைக் கேள்விப்பட்டபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு ஆலைக்குக் கிடைத்த வசதி எனக்கு வீட்டில் கிடைக்கவில்லை.

ஆலை கேன்டீனில் சமைக்கிற கங்கம்மா ஒரு நாள் தாம்பரம் மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். “டீச்சரம்மா, இன்னா குரல்மா உனுக்கு! சோத்துல கைய வெச்சவன் கூட எந்திரிச்சு ஓடுறான். நான் கத்துனா ஒரு நாயி திரும்பாது” என்றார். பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து ஜமீரிடம் சொன்னேன். “சரி” என்றார்.

இப்போது நான் செய்த காரியத்துக்கு வருகிறேன்.

கோடை சீஸனுக்காக ஆலையில் புதிதாக ஒரு குளிர் அறை கட்டினார்கள். அதற்கான அலாரங்களைப் பேசி வாங்க உமேஷ் மறுபடி வந்தார். தாளாளருக்கு வருகிற திங்கட்கிழமை நான் பதில் சொல்லியாக வேண்டும். மைக் எதிரில் இருந்தது. கதவு, கம்ப்ரஸர், மோட்டார் எல்லாம் பேசி முடித்தேன். பிறகு மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொன்றும் பேசினேன்.

“என்னங்க! பெரும்பாக்கம் ஸ்கூலுக்கு என்னை ஹெச்.எம்.மா கூப்பிடறாங்க. திங்கக்கிழமை பதில் சொல்லணும். காலையில ஆறரைக்கு நான் கிளம்பிட்டா ஸஹானாவுக்கு யார் தலை பின்றது? நான் போகட்டுமா, வேணாமா?”

உமேஷின் முகத்தில் ஈயாடவில்லை. “மேடம், இது ஓடிட்டு இருக்கிற பிளான்ட் மேடம்.”

“தெரியும்.”

“மேனேஜருக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும் மேடம்.”

கடைசி பெஞ்சைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். பாவம், அவரும் ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தவர்தானே. “ஒரே ஒரு தடவை மேடம். கண்ட்ரோல் ரூம் ஸ்பீக்கர்ல மட்டும். டெஸ்ட்னு சொல்லிக்கறேன்” என்றார்.

பிறகு அவர் இன்னும் ஏதோ சொன்னார். புது அறையின் டெஸ்ட் என்றைக்கு, எத்தனை மணிக்கு, அப்போது ஐஸ்கிரீம் தயாரிக்கும் லைன் நின்றிருக்கும், யாருக்கும் தொந்தரவு இருக்காது, அந்த நேரம் பரவாயில்லையா என்று. ஸஹானா பக்கத்து அறையில் ஏழாம் வாய்ப்பாட்டைத் தப்புத் தப்பாக ஒப்பித்துக்கொண்டிருந்தாள். என் காது அங்கே இருந்தது. உமேஷுக்கு “சரி” என்றேன்.

அவர் சொன்னது வெள்ளிக்கிழமை மதியம் ஒரு மணி.

வெள்ளிக்கிழமை வந்தது. “இன்னிக்கு ஒரு மணிக்கு மேடம்” என்று காலையிலேயே உமேஷ் செய்தி அனுப்பியிருந்தார். ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு நல்ல உற்சாகத்தில் உட்கார்ந்திருந்தேன். இன்னும் சற்று நேரத்தில் ஜமீரின் காதில் என் கேள்வி விழும். கட்டத்தில் ஒரு பதிலை எழுதாமல் தப்பிக்க முடியாது. எழுதியே ஆக வேண்டும் என்றால் யோசித்துத்தானே ஆக வேண்டும்? இதை நினைத்து ஒரு வாய் எடுத்து வைத்தேன். அப்போது மசூதியிலிருந்து பாங்கு கேட்டது.

வாயில் இருந்ததை அப்படியே விழுங்கிவிட்டு டப்பாவை மூடினேன். ஜும்மா!

ஜமீர் ஒரு வெள்ளிக்கிழமை தொழுகையையும் விட்டவர் இல்லை. ஆலையில் அதற்கு ஒரு ஏற்பாடு உண்டு. வெள்ளிக்கிழமை மதியம் அவருடைய நாற்காலியைச் சத்யநாராயணன் சார் பார்த்துக்கொள்வார். ஏகாதசிக்கும் உற்சவத்துக்கும் சார் திருநீர்மலைப் பெருமாள் கோயிலுக்கு ஏறிப் போய் வரும்வரை அவருடைய நாற்காலியை ஜமீர் பார்த்துக்கொள்வார். வருஷக்கணக்காக நடக்கிற ஏற்பாடு. உமேஷுக்குத் தெரியாமல் இருந்தால் அதில் நியாயம் இருக்கிறது. பிறந்ததிலிருந்து வெள்ளிக்கிழமையை வெள்ளிக்கிழமையாகவே பார்த்து வளர்ந்த எனக்கு என்ன கேடு? உமேஷுக்குப் போன் போட்டேன். அணைத்து வைத்திருந்தார்.

அங்கே நடந்ததைக் கொஞ்சம் உமேஷும், மீதியைக் கங்கம்மாவும் பிறகு சொன்னார்கள். கங்கம்மா சொன்னதில் மசாலா கொஞ்சம் தூக்கல், ஆனால் ருசியாக இருந்தது.

உமேஷ் இன்னொரு தப்பும் செய்திருந்தார். டெஸ்ட் என்று போட்டால் அது கண்ட்ரோல் ரூமுக்கு மட்டும் போகாதாம், எல்லா ஸ்பீக்கருக்கும் போகுமாம். பேக்கிங், வேன் ஏற்றுகிற முற்றம், கேன்டீன், எங்கும் என் குரல். “என்னங்க!” என்றதும் சாப்பாட்டில் கை வைத்திருந்த அத்தனை பேரும் பழக்கத்தில் எழுந்துவிட்டார்கள். எழுந்து நின்றபடியே மீதியைக் கேட்டார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கண்ட்ரோல் ரூமில் சத்யநாராயணன் சார். ஆக் அழுத்தினார். என்ன செய்தீர்கள் என்று கட்டம் கேட்டது. செய்யாததைச் செய்ததாக எழுதுகிற ஆள் இல்லை அவர். நன்றாக யோசித்து, சம்பந்தப்பட்டவர் தொழுகைக்குப் போயிருக்கிறார், வந்ததும் தெரிவிக்கப்படும் என்று எழுதினார். ‘படும்’ என்று முடிந்தால் அது நடவடிக்கை ஆகாது என்று உமேஷ் ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததால் மென்பொருள் ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபடி நான் கத்தினேன். உமேஷ் எதையோ அழுத்தி நிறுத்தப் பார்த்தார். முதல் முன்னுரிமையை யாரும் சுலபமாக நிறுத்திவிடக் கூடாது என்று அவரேதான் கெட்டியாகப் பூட்டு போட்டு வைத்திருந்தார். மறுபடி நான் கத்தினேன்.

முற்றத்தில் வேன் ஏற்றுகிறவர்கள் ஸ்பீக்கரைப் பார்த்துப் பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். “போங்க மேடம்!” என்று ஒரு கட்சி. “தலை பின்றது யாருன்னு மொதல்ல முடிவு பண்ணுங்க” என்று இன்னொரு கட்சி. மேனேஜர் சாம்பசிவன் அறையிலிருந்து வெளியே வந்து, “யாருய்யா இதை இன்னும் ஆக் பண்ணாம வச்சிருக்கறது?” என்றார்.

சத்யநாராயணன் சார் எழுந்து நின்றார். “சார், தீராத அலாரத்தை மேலதிகாரிக்குத் தெரிவிக்கணும்னு விதி இருக்கு. தெரிவிச்சுட்டேன். இனிமே இது உங்க பொறுப்பு.”

மேனேஜர் கொஞ்ச நேரம் ஸ்பீக்கரையே பார்த்தாராம். பிறகு, “இதே மாதிரி ஒண்ணு என் வீட்லயும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. ஜமீர் வரட்டும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.

ஜமீர் தொழுதுவிட்டு வந்து ஆலை கேட்டுக்குள் பைக்கை நிறுத்தினார். முற்றமே அவரைப் பார்த்தது. கேன்டீன் வாசலில் கங்கம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். “இன்னாபா ஜமீரு, உன் வூட்டம்மா தொண்ட தண்ணி வத்த கேட்டுகினு கீது. போவட்டா வாணாவான்னு ஒரு வார்த்த சொன்னா கொறஞ்சா பூடுவ?” அவர் என்னவென்று கேட்பதற்குள் அலாரம் மறுபடி வந்தது. தொப்பியைக் கையில் பிடித்தபடி, வெயிலில், முற்றத்தின் நடுவில் நின்று, முதலிலிருந்து கடைசிவரை கேட்டார். பிறகு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து, வீட்டில் பேசிக்கொள்கிறேன் என்று எழுதினார். அலாரம் நின்றது.

இதெல்லாம் போனில் தெரிந்த பிறகு நான் எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று எனக்கே ஞாபகமில்லை. நாற்பது பேருக்கு எதிரில் அவரைத் தலைகுனிய வைத்துவிட்டேன். கத்தினால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது. ஆனால் கத்த மாட்டார். சரி என்று ஒன்றைச் சொல்லி முடித்துவிடுவார். அப்படிச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்றுதான் பயமாக இருந்தது.

ஷிஃப்ட் முடிந்து எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். ஆலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஸஹானா இல்லை. கீழ்வீட்டுப் பாலாம்பாள் மாமியிடம் அனுப்பிவிட்டாராம். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் சொன்னார்:

“முடியாது.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “என்ன?”

“நீ கேட்டல்ல, போகட்டுமா வேணாமான்னு. முடியாதுன்றேன்.”

பதினோரு வருஷத்தில் என் புருஷன் என்னிடம் சொன்ன முதல் முடியாது. கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, அதை மறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நான் சொன்ன ஒன்று அந்த மனுஷனின் காதுக்குள் போயிருக்கிறது!

“ஏன் முடியாது?” என்று பையைச் சோபாவில் எறிந்தேன். “மூணு தடவை வாய் வலிக்கச் சொன்னப்ப சரி சரின்னீங்களே! காதுல வாங்காம மண்டையை ஆட்டிட்டு, இப்ப ஆலையில எல்லாரும் கேட்டதும் ரோஷம் வந்துடுச்சா?”

“காதுல வாங்கலைன்னு யார் சொன்னா?”

“நான் சொல்றேன்! அப்ப ஸஹானாவுக்குத் தலை யார் பின்றது?”

“பாலாம்பாள் மாமி.”

“எந்த மாமி?”

“கீழ்வீட்டு மாமி. ஏற்கெனவே கேட்டுட்டேன். தினம் நீ கிளம்பறப்பவே அவளைக் கீழ அனுப்பச் சொன்னாங்க. வேன்காரர்கிட்டயும் சொல்லிட்டேன், நம்ம வாசல்ல வந்து ஏத்திப்பாரு. நைட் ஷிஃப்ட் வாரத்துல நான் வர்ற வரைக்கும் சாவி மாமிகிட்ட இருக்கும்.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “இதெல்லாம் எப்ப செஞ்சீங்க?”

“நீ மொதல் தடவ சொன்ன வாரம்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சரின்னேனே” என்றார். நிஜமாகவே குழம்பிப்போய்ச் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அந்த ஒரு சொல்லுக்குள் மாமி, வேன், சாவி எல்லாம் அடக்கம். அதைப் பிரித்துப் பார்க்காதது என் குற்றம்.

அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. “அப்படின்னா எல்லாத்துக்கும் வழி இருக்கே. அப்புறம் எதுக்கு இந்த முடியாது?”

ஜமீர் மேசைமேல் கிடந்த தொப்பியை எடுத்து மடித்தார், பிரித்தார். “எல்லாத்துக்கும் வழி கண்டுபிடிச்சேன். ஒண்ணுக்குத்தான் கிடைக்கல. அதைப் பத்திப் பேச வேணாம்னுதான் சரி சரின்னு சொல்லி உன்னை நிறுத்தினேன்” என்றார். “நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து உக்காந்தா நீ பேசிக்கிட்டே இருப்ப. உங்க ஸ்டாஃப் ரூம் சண்டை, அஞ்சாங்கிளாஸ் பையன் எழுதின தப்பு, குழாய், மாமி, எல்லாம். பாதி கேக்கும், பாதியில கண்ணு சொருகும். நீ ஆறரைக்குப் போயிட்டா நான் வர்றப்ப வீட்ல சத்தமே இருக்காது. எனக்கு எப்படித் தூக்கம் வரும்?”

“அப்ப என் பேச்சு உங்களுக்குத் தாலாட்டா?” என்றேன். சண்டையாகத்தான் ஆரம்பித்தேன், குரல் பாதியில் உடைந்துவிட்டது. சமாளிப்பதற்காக, “அதான் ஆலை முழுக்க என் குரல் கத்துதே, அது போதாதா?” என்றேன்.

“அது எல்லாருக்கும் கேக்குது அஃப்ஷான்.”

தலை பின்னுவதை நினைத்தேன், வேனை நினைத்தேன், சாப்பாட்டை நினைத்தேன். இதை நான் நினைக்கவே இல்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். மறைத்தெல்லாம் அழவில்லை, நன்றாகவே அழுதேன். ஜமீர் பயந்துபோய், “சரி சரி, போ, நீ போ” என்றார். “எதுக்கு சரி, தெளிவாச் சொல்லுங்க” என்று அழுதுகொண்டே அதட்டினேன். “பெரும்பாக்கம் போ. ஹெச்.எம். ஆகு. என் தூக்கத்தை நான் பாத்துக்கறேன்” என்றார். பிறகு இருட்டும்வரை பேசினோம். அதாவது அவரும் பேசினார். ஸஹானா மாமி வீட்டில் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வந்து, எங்களை எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் ஒரு தோசைக்கு இறங்கிப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை தாளாளரிடம் பெரும்பாக்கம் போகிறேன் என்று சொன்னேன். உமேஷின் வேலை போகவில்லை. டெஸ்ட் செய்வதற்கு முன்னால் எந்த ஸ்பீக்கர் என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று மேனேஜர் ஒரு புது விதி போட்டதோடு விட்டுவிட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று ஜமீருக்கு நைட் ஷிஃப்ட் வாரம். கஞ்சி போட்ட சேலையும் புதுப் பையுமாக ராஜகீழ்ப்பாக்கம் பஸ் ஸ்டாப்பில் நின்றேன். முதல் நாள் பிள்ளைகளுக்கு முன்னால் நான் அங்கே இருக்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது என்று ஆசிரியர்கள் எல்லாருக்கும் முந்தின வாரமே சொல்லியிருந்தேன். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பைக் என் எதிரில் வந்து நின்றது. தூக்கம் அப்பிய கண்களோடு ஜமீர் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“வீட்டுக்குப் போகாம இங்க என்ன?”

“சும்மாதான். பஸ் வர்ற வரைக்கும் எதையாவது பேசேன்” என்றார்.

நடுரோட்டில், பத்துப் பேர் பார்க்க, எதைப் பேசுவது? என் கஞ்சி போட்ட சேலையைப் பார்த்து மாமி சொன்னதிலிருந்து ஆரம்பித்தேன். போன வாரம் பெரும்பாக்கத்து வாட்ச்மேன் என்னை டீச்சர் வேலைக்கு இன்டர்வியூ வந்தவள் என்று நினைத்துக் காக்க வைத்ததைச் சொன்னேன். அவர் பைக்கின் மேல் சாய்ந்து நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். பஸ் வந்து நின்றது. “மேடவாக்கம், பெரும்பாக்கம் ஏறு ஏறு” என்று கண்டக்டர் கத்தினார். பஸ் நகர்ந்தது. ஜமீர் பதறிப்போய் அதை நிறுத்தக் கையைத் தூக்கினார். நான் அவர் கையைப் பிடித்து இறக்கினேன்.

“அடுத்த பஸ்ல போறேன்” என்றேன்.